வண்டி இல்லாமல் ரெயூனியனில் எங்கே நடக்கப் போகலாம்?

காரைக்காலிலிருந்து அக்காவும் அத்தானும் ஆகஸ்ட் மாதம், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனுக்கு வருகிறார்கள். கூடவே அவர்கள் பேரன், பதினாலு வயது. போன வாரம் பேசும்போதே அக்கா எச்சரித்துவிட்டாள்: "மலை மலைன்னு என்னை இழுத்துக்கிட்டுப் போகாதடா. ஏறிடுவேன், இறங்கத்தான் முட்டி வலிக்கும்." பின்னாலிருந்து அத்தான் குரல்: "அந்தக் காலத்துல நம்ம ஊர்லேர்ந்து கப்பல்ல போனவங்களை இறக்கி வச்ச இடம் இருக்காமே, அதைக் காட்டுப்பா." பையன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "ரோடே இல்லாத ஊர் ஒண்ணு மலைக்குள்ள இருக்காமே தாத்தா, நடந்துதான் போகணுமாமே, போலாமா?"

மூன்று பேருக்கும் மூன்று ஆசை. என்னிடம் வண்டி கிடையாது. பதினாறு வருஷமாகத் தீவின் தலைநகர் சேன்-தெனியில் பஸ்ஸை நம்பித்தான் காலம் ஓடுகிறது.

வண்டி இல்லையென்றால் இந்தத் தீவில் ஒன்றும் பார்க்க முடியாது என்று புதிதாக வருகிற நம்மவர்களிடம் யாராவது சொல்லி வைத்துவிடுகிறார்கள். கோயில் வேலைக்கு வரும் குருக்கள்மார், புதுச்சேரியிலிருந்து குடும்பமாக வந்து சேர்கிறவர்கள், படிக்க வரும் பிள்ளைகள் எல்லோருமே முதல் வருஷம் முழுக்கக் கோயில், கடை, வீடு என்றே இருந்துவிடுகிறார்கள். இப்படி ஒரு மண்ணில் வந்து இறங்கிவிட்டு அதன் காட்டையும் ஓடையையும் பார்க்காமல் இருப்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. தீவைச் சுற்றிக் கார் ஜோன் மஞ்சள் பஸ் ஓடுகிறது. சேன்-தெனி நகரத்துக்கும் அதன் மேட்டு ஊர்களுக்கும் சித்தாலிஸ், மேற்குப் பக்கம் கார்வெஸ்த். பெரும்பாலான நல்ல நடைபாதைகளின் வாசல் வரைக்கும் இவை கொண்டுபோய் விடுகின்றன. அக்காவுக்காக நான் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன். அவரவர் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் பயன்படும்.

நடக்கப் போகும் இடத்தை எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது திரும்பி வரும் கடைசி பஸ்ஸை. போகிற பஸ் எப்படியும் கிடைத்துவிடும். மேட்டு ஊர்களிலிருந்து கீழே வரும் கடைசி வண்டி சாயங்காலம் சீக்கிரமே கிளம்பிவிடும், ஞாயிற்றுக்கிழமை வண்டியே குறைவு. இன்னொன்று, பள்ளி நாளுக்கு ஓர் அட்டவணை, பள்ளி விடுமுறைக்கு வேறோர் அட்டவணை. இங்கே ஜூலையிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் குளிர்கால விடுமுறை. ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம், இங்கே மாதா விண்ணேற்புத் திருநாள். அன்றைக்கு அரசு விடுமுறை என்பதால் பஸ் ஞாயிற்றுக்கிழமை மாதிரிதான் ஓடும்.

அப்புறம் மேகம். காலை ஏழு மணிக்குப் பளிங்கு மாதிரி இருக்கும் மலை, பத்து, பதினொன்று மணிக்கெல்லாம் மூடிக்கொண்டுவிடும். ஆகஸ்டில் மழை குறைவுதான், ஆனாலும் இந்த மூட்டம் தப்பாது. சாயங்காலம் ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். ஆகவே எந்த நடையானாலும் முதல் பஸ், இல்லையென்றால் இரண்டாவது பஸ். எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிற குடும்பத்துக்கு நான் மலை நடையைச் சொல்லவே மாட்டேன்.

சிலவற்றை யோசிக்காமலே தள்ளிவிட்டேன். சிலாவோஸ் அழகான ஊர், 1200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே விளையும் பருப்புக்குத் தீவு முழுக்கப் பெயர். ஆனால் சேன்-லூயியிலிருந்து மேலே போகும் சாலையில் நானூறுக்கு மேல் வளைவுகள். காரைக்காலிலிருந்து கும்பகோணம் போவதற்குள்ளேயே வாந்தி எடுக்கிறவள் அக்கா. லா போசெசியோனுக்கு மேலே தோ-தான் ஊரிலிருந்து காப் நுவார் முனைக்கு ஒரு சின்னச் சுற்று உண்டு. சாலையே இல்லாத மஃபாத் மலைப்பள்ளத்தை அப்படியே கீழே பார்க்கலாம். ஆனால் வழியில் இரும்பு ஏணி ஏற வேண்டும். அதுவும் வேண்டாம். சேன்-தெனிக்கு மேலே லெ ப்ரூலே வரைக்கும் சித்தாலிஸ் பஸ் ஏறும். அங்கிருந்து மனிக்கே அருவிக்கு நடப்பது எளிது, ஈரமான காடு, குளிர்ந்த காற்று. அரை நாள் கையில் மிச்சமிருந்தால் போகலாம். கடல் கடந்து வருகிறவர்களுக்கு அதை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் நான்கு இடங்கள்.

முதலில் சேன்-போல் ஊரின் தூர் தெ ரோஷ். சேன்-தெனியில் கடலோர பஸ் நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சேன்-போல். அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஊருக்குப் பின்னால் செங்குத்தான பாறைச் சுவர், அதன் அடியில் பெரிய ஏரியும் சதுப்பும். தீவிலேயே பெரிய நன்னீர்ச் சதுப்பு இதுதான், 2008இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். பாறைக்கும் ஏரிக்கும் நடுவே போகும் சின்ன ரோட்டுக்குத்தான் அந்தப் பெயர். தென்னை, வாழை, தண்ணீரிலேயே நிற்கும் சேம்பு, ஊற்றுநீர் ஓடும் வாய்க்கால், பழைய நீர்ச்சக்கர ஆலையின் மிச்சம். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

முதல் தடவை அங்கே நடந்தபோது நான் பாதியில் நின்றுவிட்டேன். திருநள்ளாற்றுப் பக்கம் வாய்க்கால் கரையில் நடக்கிற மாதிரியே இருந்தது. சேம்பிலை மேல் தண்ணீர் முத்தாக உருண்டு, இலை சாய்ந்ததும் சொட்டென்று விழுகிறது. தலையைத் தூக்கினால் மட்டும்தான் வேறு நாடு. எதிரே கறுத்த பாறை வானத்தில் பாதியை மறைத்து நிற்கும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. சேன்-போல் கடற்கரையில் வெள்ளிக்கிழமை முழுநாளும் சனிக்கிழமை காலையிலும் சந்தை. நம் வீட்டுப் பெண்கள் அங்கே போனால் முகம் மலர்ந்துவிடும். கொத்தமல்லிக்கு இங்கே கிரியோல் பேச்சில் பெயர் கொத்தொமிலி. கறிவேப்பிலை கலுபிலே. முருங்கை முருங். பீர்க்கங்காய் பிப்பங்காய். ஒரு தமிழ்ச் சொல்லும் பேசத் தெரியாத கடைக்காரம்மா, "கலுபிலே, கலுபிலே" என்று கூவி விற்பதைக் கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். ஊர் விட்டு வந்தவர்கள் பேச்சை இழந்தார்கள். ஆனால் அடுப்படிச் சொல்லை அவர்கள் விடவில்லை. சந்தையில் பொம்போன் பிமா வாங்கிச் சாப்பிடுங்கள், பேர்தான் வேறு, வடைதான். அதைக் கட்டிக்கொண்டு தூர் தெ ரோஷில் மரத்தடியில் உட்கார்ந்தால் அன்றைய பொழுது இனிதாகக் கழியும்.

குறை ஒன்றுதான். அது தார் ரோடு, வண்டிகள் வரும், ஓரமாகப் போக வேண்டும். மேற்குக் கரை என்பதால் வெயிலும் சுள்ளென்று இருக்கும். பதினாலு வயதுப் பையனுக்கு ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும் என்பதும் தெரியும்.

அவன் கேட்டது மஃபாத். அதற்கு பஸ்ஸில் போய் நடக்கக்கூடிய வழிகளில் எனக்குப் பிடித்தது ஒராஞ்ஜே கால்வாய். சேன்-போலிலிருந்து மேட்டுக்குப் போகும் கார்வெஸ்த் பஸ்ஸில் சான்-சூசி வரைக்கும் போக வேண்டும். ஊர் முடிகிற இடத்துக்கு மேலே, மஃபாத்துக்குள் இருக்கும் ஒராஞ்ஜே என்ற சிற்றூர்ப் பக்கமிருந்து மேற்கு மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்த்தடம் வருகிறது. தண்ணீர் தானாக ஓடி வருவதற்காக மலையின் இடுப்பில் மட்டம் பார்த்து வெட்டிய தடம் அது. நடக்கிற நமக்கும் அந்த மட்டம்தான் வரம். மஃபாத்துக்குள் போகும் மற்ற வழிகளெல்லாம் முட்டியை உடைக்கும் ஏற்ற இறக்கம். இது பெரும்பாலும் மெல்ல மெல்ல உயரும் வழி.

ஆனால் அகலம் கிடையாது. ஒரு பக்கம் தோளில் உரசும் பாறை, மறு பக்கம் கலே ஆறு வரைக்கும் வெறும் பள்ளம். சில இடங்களில் காலடியில் சிமெண்டுப் பலகை, அதன் கீழே தண்ணீர் போகும் சத்தம். சில இடங்களில் பக்கத்திலேயே இரும்புக் குழாய். ஓரிடத்தில் குழாயின் இணைப்பில் கசிவு. அந்தக் கசிவுக்குக் கீழே மட்டும் ஒரு முழம் அகலத்துக்குப் பச்சைப் பாசி, அதில் விரல் நீளப் பெரணி. சுற்றிலும் காய்ந்த பாறை. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லது, மனைவி கூப்பிட்டாள், இல்லையென்றால் பஸ்ஸை விட்டிருப்பேன்.

மஃபாத் என்பதே ஓர் அடிமைத் தலைவன் பெயர். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடியவர்கள் வெள்ளைக்காரன் கைக்கு எட்டாமல் இந்தப் பள்ளத்துக்குள் பிழைத்தார்கள். இன்றைக்கும் உள்ளே சாலை இல்லை. சாமான்கள் ஹெலிகாப்டரில் போகின்றன. நடக்கும்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். தீவின் சிகரங்களும் இந்த மலைப்பள்ளங்களும் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பையன் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஒராஞ்ஜே ஊர் வரைக்கும் ஒரு பக்கமே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. போய்விட்டு அதே நாளில் பஸ் பிடித்துத் திரும்புவது இறுக்கமான கணக்கு. நான் சொல்வது, ஒன்றரை மணி நேரம் உள்ளே போய், பள்ளம் நன்றாகத் திறக்கும் இடத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். அதற்குள்ளேயே பார்க்க வேண்டியதைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்த மறுநாள் போகவே கூடாது. மேலேயிருந்து கல் உருளும். சில சமயம் பாதையையே மூடிவிடுவார்கள். கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறை அறிவிப்பைப் பாருங்கள். தலை சுற்றுகிறவர்களை அழைத்துப் போகவே வேண்டாம். அக்காவை நான் அங்கே கூட்டிப்போக மாட்டேன். அவள் வருகிறேன் என்றாலும் மாட்டேன்.

மூன்றாவது எல்-பூர். சேன்-தெனியிலிருந்து கிழக்கே சேன்-தாந்த்ரே வரைக்கும் ஒரு பஸ், அங்கே மாறி சலாசி மலைப்பள்ளத்துக்குள் இன்னொரு பஸ். இந்தப் பயணம் மட்டுமே டிக்கெட் காசுக்குப் பெறும். சாலையோரமெல்லாம் அருவிகள். வேலி, மரம், மின்கம்பம் வரைக்கும் படர்ந்த சௌசௌக் கொடி. நாம் சௌசௌ என்கிறோம், இவர்கள் சூசூ என்கிறார்கள். காயோடு விடுவதில்லை, கொழுந்தைக் கீரையாக ஆக்குகிறார்கள், கொடியின் நாரில் தொப்பியும் கூடையும் பின்னுகிறார்கள். அக்கா இதைப் பார்த்தால் கேள்வி மேல் கேள்வி கேட்பாள்.

எல்-பூர் பழைய மரவீடுகளுக்குப் பேர் போன ஊர். தெ எல் என்ற பிரெஞ்சுக் கவர்னர் பெயரால் வந்த ஊர்ப்பெயர் அது. ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் பணக்காரர்கள் மேலே ஏறி வந்தார்கள். 1948 புயலில் அந்த ஊற்று மண்மூடிப் போனது. பழைய குளியலறைகளின் சுவர்கள் மட்டும் ஓடையோரத்தில் நிற்கின்றன. ஊரிலிருந்து அங்கே இறங்கிப் போய் வருவது வயதானவர்களுக்கும் முடியும், மெதுவாக. கால் பலமுள்ளவர்களுக்குப் பெலூவ் ஏற்றம் இருக்கிறது. ஊர் சுமார் 930 மீட்டர், மேலே பெலூவ் சத்திரம் ஏறக்குறைய 1500. இரண்டு மணி நேர ஏற்றம், மேலே போனால் வளைந்து நெளிந்த தமரேன் மரக்காடு. பேர் புளியமரம் மாதிரி கேட்கும், உண்மையில் அது வேலமர இனம்.

இங்கேதான் நான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். நண்பர்கள் நாலு பேர் பெலூவ் ஏறிவிட்டு நிதானமாக இறங்கி வந்தோம். அட்டவணையில் நான் பார்த்து வைத்திருந்தது பள்ளி நாள் பத்தி. அன்றைக்கு விடுமுறை. கடைசி பஸ் போயே போய்விட்டது. குளிர், தூறல், இருட்டு வேறு. மேலே வீட்டுக்காரர் ஒருவர், மலபார்க் குடும்பம், தன் சின்ன லாரியின் பின்னால் ஏற்றி சேன்-தாந்த்ரே வரைக்கும் கொண்டுவந்து விட்டார். காசு வாங்கவில்லை. நெற்றியில் திருநீறு பார்த்ததும் எந்தக் கோயில் என்று மட்டும் கேட்டார். (இந்தியாவிலிருந்து வந்த இந்து வழித்தோன்றல்களை இங்கே மலபார் என்றுதான் சொல்கிறார்கள், பெயர் அப்படியென்றாலும் பெரும்பாலோர் கேரளத்தவர்கள் அல்ல.) அந்த மனிதரை நினைக்காமல் நான் சலாசி போவதே இல்லை. ஆனால் பஸ் மாறிப் போக வேண்டிய, மழை அதிகமுள்ள, சாலையில் கல் சரியும் ஓர் இடத்தை விருந்தாளிக்கு வைத்திருக்கும் இரண்டே நாளில் ஒன்றாக வைப்பது எனக்குத் துணிச்சலாகப் படுகிறது. மூன்றாவது நாள் கிடைத்தால் போவோம்.

நான்காவதுதான் அத்தான் கேட்டது.

சேன்-தெனிக்கும் லா போசெசியோனுக்கும் நடுவே மலை நேராகக் கடலில் இறங்குகிறது. இன்றைக்குக் கடல் மேலேயே தூண் நாட்டிப் பாலம் போட்டிருக்கிறார்கள், 2022இலிருந்து அதில் வண்டி ஓடுகிறது. அந்தக் காலத்தில் மலைக்கு மேலேதான் வழி. பதினெட்டாம் நூற்றாண்டில் கறுங்கல் பாவிப் போட்ட ஷெமேன் க்ரெமோன் என்ற சாலை அது. இப்போது எல்லோரும் ஷெமேன் தெ ஆங்க்லே என்கிறார்கள், அதாவது இங்கிலீஷ்காரன் வழி. 1810 ஜூலையில் பிரிட்டிஷ் படை கிராந்த் ஷாலூப் பள்ளத்தாக்கில் இறங்கி இந்த வழியாக சேன்-தெனிக்குப் போனது. கீட்டிங் என்ற தளபதி கொண்டுவந்த படையில் மெட்ராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். ஒப்பந்தக் கூலிகள் திரளாக வந்து இறங்குவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, நம் பக்கத்து ஆட்கள் துப்பாக்கியோடு இந்தத் தீவில் இறங்கியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் கற்களில் கால் வைப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

சேன்-தெனியிலிருந்து லா மொந்தாஞ் மேட்டுக்கு ஏறும் சித்தாலிஸ் பஸ்ஸில் சேன்-பெர்னார் வரைக்கும் போக வேண்டும். தொழுநோயாளிகளுக்கு உழைத்த ரெம்போ பாதிரியாரின் கல்லறை அங்கே இருக்கிறது, பூ வைக்க ஆட்கள் இன்றைக்கும் வருகிறார்கள். அங்கிருந்து பாதை காடும் புல்லுமாக இறங்கி, பிறகு கறுங்கல் பாவிய வளைவுகளாகக் கடலை நோக்கி விழுகிறது. கற்கள் அம்மி மாதிரி தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. பல இடங்களில் குவிந்த முதுகாக நிற்கும் கல்லில் பாதம் முழுசாகப் படாது. காய்ந்திருந்தால் கவலையில்லை. ஈரமென்றால் சறுக்கும். ஒரு கைத்தடி இருந்தால் நல்லது.

இறங்க இறங்கக் காடு மாறும். மேலே ஈரம், கீழே வறண்ட காடு. இந்தத் தீவில் இந்த வகைக் காடு ஏறக்குறைய அழிந்தே போனது. மிச்சமிருப்பது இந்தச் சரிவுகளில்தான். மீண்டும் மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். அதில் லத்தானியே என்ற மரம் ஒன்று, விசிறி ஓலையோடு நம் பனைங்கன்று போலவே நிற்கும். தூரத்தில் பார்த்து நான் பனையென்றே நினைத்தேன்.

கீழே கிராந்த் ஷாலூப். பழைய ரயில் நிலையம், இரண்டு பழைய எஞ்சின், பின்னால் லாசரே. 1859இல் தீவில் காலரா வந்து ஆட்கள் மடிந்தார்கள். அதற்குப் பிறகு, 1860களின் தொடக்கத்தில், கப்பலில் வருகிறவர்களைத் தனியாக வைத்துப் பார்க்க இந்தக் கட்டடங்களைக் கட்டினார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளிகள் கடலை விட்டு இறங்கியதும் கண்ட முதல் கூரை இது. புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மெட்ராஸ், கல்கத்தா துறைகளிலிருந்து கப்பல்கள் வந்தன. நம் காரைக்கால் துறையிலிருந்து ஏறியவர்களும் இந்தச் சுவருக்குள் படுத்திருக்கிறார்கள். இங்கே நடந்த கொடுமைகளைப் பார்த்து 1882இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதே வருஷம்தான் இந்த வழியாக ரயிலும் ஓடத் தொடங்கியது.

ஒரு கட்டடத்தைப் பழுது பார்த்துக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். இன்னொன்று இடிந்தபடியே மரவேருக்குள் நிற்கிறது. குணமாகாமல் போனவர்களுக்கு அங்கேயே ஓர் இடுகாடு. முதல் முறை போனபோது எங்களுக்கு முன்னால் யாரோ வந்து ஒரு கல்லின் மேல் மூன்று செவ்வரளிப் பூவும் எரிந்து முடிந்த கற்பூரக் கறையும் விட்டுப் போயிருந்தார்கள். வாடவில்லை, அன்றைக்குக் காலையில் வைத்த பூ. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டாள். நானும் கழற்றினேன். அந்தச் சரளைக் கல்லில் வெறுங்காலோடு ஐந்து நிமிஷம் நின்றோம்.

இந்த இடத்தை நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். நடந்து வந்து பார்த்தால் இன்னும் நல்லது. மலையிலிருந்து இறங்கும்போது அந்தக் கரை முழுசாகக் கண்ணில் விழும். எதிரே கடல், பின்னால் மலை, ஓட வழியில்லாத சின்ன மூலை. காரில் வந்து இறங்கினால் அது பிடிபடாது.

கிராந்த் ஷாலூப்பிலிருந்து மறுபடி ஏறி, அடுத்த மேட்டைத் தாண்டி லா போசெசியோனுக்கு இறங்க வேண்டும். அங்கே சேன்-தெனிக்குத் திரும்ப பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. திரும்பும் பஸ்ஸை வைத்துப் பார்த்தால் நான்கிலும் இதுதான் நிம்மதியான வழி. மொத்தத்தில் நான்கு, ஐந்து மணி நேரம். நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆனால் முட்டி வலியுள்ளவர்களுக்கு சேன்-பெர்னார் இறக்கம் கொடுமை. பஸ், பொருள், அழகு எல்லாம் கூடி வந்த வழி, அக்காவின் முட்டிக்கு மட்டும் ஆகாது. இதில்தான் நான் மூன்று நாள் குழம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். எல்லோரும் ஒரே பாதையில் நடந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? கிராந்த் ஷாலூப்புக்கு ரோடு போகிறது. கோயில் நண்பர் ஒருவரிடம் வண்டி இருக்கிறது. அத்தானும் பையனும் நானும் முதல் பஸ்ஸில் சேன்-பெர்னார் போய் நடந்து இறங்குவோம். பதினொரு மணிக்கு அக்காவையும் மனைவியையும் நண்பர் கீழே கொண்டுவந்து விடுவார். எல்லோரும் லாசரேயைச் சேர்ந்து பார்ப்போம். அதற்குப் பிறகு பையனுக்கும் எனக்கும் தெம்பு இருந்தால் லா போசெசியோனுக்கு ஏறி இறங்கி பஸ் பிடிப்போம். அத்தான் வண்டியில் போய்விடலாம், அவருக்கு அறுபத்தாறு வயது.

அது செவ்வாய்க்கிழமைக்கு. அதற்கு முந்தின சனிக்கிழமை எல்லோருமாகச் சேன்-போல். முதலில் சந்தை, பிறகு வெயில் ஏறும் முன் தூர் தெ ரோஷ். கால்வாய்ப் பாதையைப் பையனுக்கு நான் வாக்காகக் கொடுக்கவில்லை. நான்கு நாள் மழையில்லாமல் இருந்து, பாதையும் திறந்திருந்தால், ஒரு விடியற்காலை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய் ஒன்றரை மணி நேரம் உள்ளே நடந்துவிட்டு வருவோம். அவன் அதற்கே துள்ளுகிறான். நல்ல பிடிப்புள்ள காலணி வாங்கிப் போட்டு இப்போதிருந்தே பழகச் சொல்லியிருக்கிறேன், புதுச் செருப்போடு அந்தப் பள்ளத்தோரம் நடக்க விட மாட்டேன்.

பஸ்ஸில் நான் அவனுக்குக் காட்ட நினைத்திருப்பது ஒன்று உண்டு. இறங்கும் இடம் வரும்போது இங்கே ஆட்கள் கை தட்டுவார்கள், இரண்டு தட்டு, டிரைவர் நிறுத்துவார். பொத்தான் இருந்தாலும் தட்டுகிறவர்கள் தட்டுகிறார்கள். சேன்-போலில் அவனைத் தட்டச் சொல்ல வேண்டும்.

நேற்று இரவு எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, கறிவேப்பிலை எவ்வளவு கொண்டு வரட்டும்?" என்றாள். செடி, இலை எதுவும் பெட்டியில் வேண்டாம், ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், சனிக்கிழமை சந்தையில் கலுபிலே வாங்கித் தருகிறேன் என்றேன். என்ன இலை என்று இரண்டு தடவை கேட்டாள்.